முதல் சுற்றின் முதல் பெயர்

பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிற ஊர் என்று ஒன்று உண்டென்றால் அது கார்வர்ஸ் லேண்டிங்தான். அமெரிக்க ஃபுட்பால் பருவம் தொடங்குவது செப்டம்பரில். பென்சில்வேனியாவின் மற்ற ஊர்க்காரர்கள் ஆகஸ்டு கடைசி வரை பொறுத்திருப்பார்கள். யாருக்குக் கால் பிசகியது, யார் பயிற்சியில் சொதப்பினான் என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் தங்கள் பேன்டசி லீக் என்ற கற்பனை ஆட்டத்துக்கு ஆள் பொறுக்குவார்கள். இந்த ஊரின் தீயணைப்புக் கூடத்து லீக் மட்டும் ஜூலை நான்கு சுதந்திர தினம் கழிந்த சனிக்கிழமையே பொறுக்கி முடித்துவிடும். "எல்லாம் தெரிஞ்சப்புறம் எவன் வேணா பொறுக்கலாம். தெரியாம பொறுக்குறவன்தான் ஆம்பள" என்பது அவர்கள் கொள்கை. லீக்கில் நான்கு பெண்கள் உண்டு. அவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

ஆகவே ஜூன் மாதத்தில் அவசரக் குடுக்கைகள் வெளியிடுகிற தரவரிசைதான் இவர்களுக்கு வேதம். முதல் சுற்றில் யார் யாரை எடுக்கலாம், அதிலும் முதல் ஆளாக யாரை எடுக்கலாம் என்று, களத்தில் ஒரு பந்து கூட உருளாத காலத்தில், விவரம் தெரிந்தவர்கள் அடித்துச் சொல்வார்கள். பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வதுதான் வழக்கம். இந்த வருஷம் அதிசயமாக எல்லோரும் ஒரே பெயரை உச்சியில் வைத்திருந்தார்கள். காரிக் டாலிவர். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதில் நாட்டில் அவனுக்கு நிகர் இல்லை என்றார்கள்.

காரிக் இந்த ஊர்ப் பையன். அவன் அம்மா வெர்னெட்டா, வால்ட் கொசாரின் இரும்புச் சாமான் கடையில் பெயின்ட் கலந்து கொடுக்கிறாள். மகன் தொழில்முறை ஆட்டக்காரன் ஆன பிறகும் வேலையை விடவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்பாள்.

வால்ட் அந்தத் தரவரிசையைப் பெரிதாக அச்செடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். வெர்னெட்டா தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே நுழைய வேண்டும்.

"வெர்னி, பாத்தியா? போன வாரம் ஒருத்தன் நம்ம பையனை மூணாவதா வச்சிருந்தான். இன்னிக்கு அவனும் வழிக்கு வந்துட்டான்!"

"பாத்தேன் வால்ட்."

"பாத்தேன்னு துக்க வீட்டுல சொல்ற மாதிரி சொல்றியே. ஒரு சிரிப்பு சிரியேன்."

அவள் சிரித்து வைத்தாள்.

வால்ட்டின் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. லீக்கில் பன்னிரண்டு பேர். ஒருவர் மாற்றி ஒருவர் நிஜ ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்லித் தனக்கென்று எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆட்டக்காரன் ஞாயிற்றுக்கிழமை களத்தில் செய்வதெல்லாம் எடுத்தவருக்குப் புள்ளி. ஒருவர் எடுத்தவனை இன்னொருவர் எடுக்க முடியாது. போன வருஷம் கடைசியாக வந்தவர் இந்த வருஷம் முதலில் எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் கடைசியாக வந்த பாவத்துக்கு, ஜூலை நான்கு ஊர்வலத்தில் குட்டைப் பாவாடை கட்டி நடக்க வேண்டும். அறுபத்து மூன்று வயது வால்ட் கொசார் ரோஜா நிறப் பாவாடையில், மயிர் அடர்ந்த காலோடு, இரண்டு பக்கமும் கையாட்டிக்கொண்டு நடந்ததை ஊரே பார்த்தது. "சிரிங்கடா, சிரிங்க. சனிக்கிழமை சாயங்காலம் யாரு சிரிக்கிறான்னு பாக்கலாம்" என்றார் அவர். பள்ளிக்கூட நாளில் கிழிந்த ஷூவோடு ஓடிய பையனுக்குப் புது ஷூ வாங்கிக் கொடுத்த மனிதர். அவன் பெயரைத் தன் வரிசையில் ஒட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு எத்தனையோ வருஷத்து ஆசை.

ஆணி வாங்க வந்தவன், குழாய் வாங்க வந்தவன் எல்லாம் வெர்னெட்டாவிடம் வந்து நின்றான். முழங்கால் எப்படி இருக்கு? கணுக்கால்? எடை ஏறிட்டானா? சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்க்கிறவர்களைப் போல் கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கான்" என்று அவளும் சொன்னாள். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. கணுக்காலும்.

தலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் ஆட்டம் ஒன்றில் இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்தும் அவன் மேல் வந்து மோதினார்கள். எழுந்தவன் எதிரணி நின்ற பக்கம் நடக்க ஆரம்பித்தான். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். கழுத்துப் பிடிப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே ஆடினான். ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்தபோது சமையலறைத் திரையை இழுத்து மூடிவிட்டு, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று உட்கார்ந்திருந்தான். பால் வாங்கிவரப் போனவன் பாதி வழியிலிருந்து போன் செய்தான்.

"அம்மா, பாலம் தாண்டி எந்தப் பக்கம் திரும்பணும்?"

பிறந்து வளர்ந்த ஊர். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓடி வந்திருப்பான். வீட்டுக்கு வந்ததும் "சும்மா உன்னைச் சீண்டினேன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டுடா."

"அதெல்லாம் டெஸ்டுல தேறிட்டேன்மா. முதல் வருஷமே ஒரு டெஸ்ட் வைப்பாங்க, ஞாபகசக்தி எப்படின்னு. அதுல எல்லாரும் வேணும்னே முட்டாள் மாதிரி பதில் சொல்லி வச்சிடுவோம். அப்புறம் அடிபட்டு நிஜமாவே முட்டாளானாலும் வித்தியாசம் தெரியாதுல்ல?" ஏதோ பெரிய சாமர்த்தியம் போல் அதைச் சொன்னான். "இந்த ஒரு வருஷம் போதும். பெரிய ஒப்பந்தம் வந்துடும். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

 அவன் போன பிறகு, பொறுக்க மாட்டாமல், அவள் அணி அலுவலகத்துக்கு ஒருமுறை போன் செய்தாள். பெயர் சொல்லாமல் சுற்றி வளைத்துத்தான் கேட்டாள். எடுத்த பெண் மரியாதையாகவே பேசினாள். ஆட்டக்காரர்கள் வயது வந்தவர்கள், அவர்கள் உடம்பைப் பற்றிக் குடும்பத்தாரிடம் கூடப் பேச முடியாது என்றாள். எப்படியோ அது காரிக்கின் காதுக்கு எட்டிவிட்டது. அதன் பிறகு மே மாதம் முழுக்க அவன் போன் செய்யவே இல்லை. மறுபடி அவன் குரலைக் கேட்டபோது, இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மகன் தரவரிசையில் ஏற ஏற, அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வால்ட் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவளிடம் வந்தார்.

"ஒண்ணு கேப்பேன், முடியாதுன்னு சொல்லக் கூடாது. இன்னிக்கு அவன் பேரை மைக்குல நீதான் சொல்லணும்."

"நானா? உங்க லீக் வால்ட். எனக்கென்ன தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியாத பேரா? நான் சொன்னா அது ஒரு பேரு. நீ சொன்னா..."  குட்டைப் பாவாடை கட்டி ஊரைச் சுற்றியபோது கூசாத மனிதர், இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளால் மறுக்க முடியவில்லை.

தீயணைப்புக் கூடத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மேசை போட்டிருந்தார்கள். மீன் சாண்ட்விச்சும், வெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோஸ் நூடுல்ஸும், பீப்பாய் பீரும் இருந்தன. சுவர் முழுக்க ஒரு வெள்ளைப் பலகை. பக்கத்தில் பெயர் ஒட்டுச்சீட்டுகளோடு டாட்டி சவ்கா நின்றாள். லீக்கின் சட்டம், போலீஸ், நீதிமன்றம் மூன்றும் அவள்தான். மைக்கில் எந்தப் பெயர் ஒலிக்கிறதோ அந்தச் சீட்டை ஒட்டுவாள். ஒட்டினால் ஒட்டியதுதான். முன்பொரு தடவை போதையில் ஒருவன் ஓய்வுபெற்றுப் போன ஆட்டக்காரனின் பெயரைச் சொல்லிவிட்டு, வருஷம் முழுக்க அந்தக் கிழவனைச் சுமந்தான்.

வெர்னெட்டா மைக்கின் முன் வந்ததும் கூடம் எழுந்து நின்று கைதட்டியது. டாட்டி 'காரிக் டாலிவர்' என்ற சீட்டை முன்கூட்டியே உரித்து விரல் நுனியில் வைத்திருந்தாள். வெர்னெட்டா அந்தச் சீட்டைப் பார்த்தாள். ஒரு பெயர்தான், சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். வாயைத் திறந்தபோது, பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் கண்ணுக்குள் வந்தான். இவனைப் போய் மோத அனுப்பு என்று நான் கையெழுத்துப் போடுவதா என்று நெஞ்சு கொதித்தது.

"லாமர் எல்ட்ரிட்ஜ்" என்றாள்.

தரவரிசையில் இரண்டாவது இருந்தவன் பெயர். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"மிஸ் வெர்னெட்டா, நல்லா ஏமாத்தினீங்க! சரி, இப்ப நிஜப் பேரைச் சொல்லுங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அதான் பேரு."

சிரிப்பு நின்றது. டாட்டி விரலில் இருந்த சீட்டைப் பார்த்தாள், வால்ட்டைப் பார்த்தாள். அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "சொன்னது சொன்னதுதான். என்னை யாரும் முறைக்காதீங்க" என்று முனகிக்கொண்டே எல்ட்ரிட்ஜ் சீட்டைத் தேடி எடுத்து ஒட்டினாள்.

அவ்வளவுதான். இரண்டாவதாக எடுக்க வேண்டிய ரஸ்டி மெக்கிளாரி நாற்காலி கவிழ எழுந்தான். "டாலிவர்! காரிக் டாலிவர்!" என்று மைக் இல்லாமலே கத்தினான். ஓடி வந்து வெர்னெட்டாவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். "நீங்க நல்லா இருக்கணும் மிஸ் வெர்னெட்டா! என் வீட்டுக்கு நீங்க தான் சாமி!" சிங்கத்தின் வாயிலிருந்து பிடுங்குவதாக நினைத்து அவள் செய்த காரியம், பிள்ளையை அடுத்த நாற்காலிக்கு நகர்த்தி வைத்தது, வேறொன்றும் இல்லை. மூன்றாவது ஆள் அடுத்த பெயரைச் சொல்லப் போய்விட்டான்.

வால்ட் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவளை வெளியே நின்ற தீயணைப்பு வண்டியின் மறைவுக்கு அழைத்துப் போனார்.

"ஏதாவது இருக்கா வெர்னி?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"முழங்காலா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"பின்ன எங்க?"

சொல்லிவிட வாய் வரை வந்தது. சொன்னால் பொழுது விடிவதற்குள் நாடெல்லாம் தெரியும். ஒப்பந்தம் போகும். காரிக் மறுபடி போன் செய்யாமல் போவான். ஒருவேளை இனி எப்போதுமே. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் மட்டும் நிற்கவில்லை, வழிந்தது.

வால்ட்டுக்குப் புரிந்துவிட்டது. அவள் தோளில் கை வைத்தார். "நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றார். சொன்னபடியே இருப்பார், அவர் அப்படிப்பட்டவர்தான். ஆனால் சொல்லி முடித்ததும் அவர் கண் ஒரு கணம் திறந்த கதவு வழியே பலகைப் பக்கம் போனது. அங்கே ரஸ்டியின் பெயருக்குக் கீழே காரிக்கின் சீட்டு இருந்தது. நல்லவேளை, தப்பித்தோம் என்று அந்தப் பார்வை சொன்னது. உடனே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வெர்னெட்டா பார்த்துவிட்டாள். அவர் மேல் அவளுக்குக் கோபம் கூட வரவில்லை. இத்தனை அன்புள்ள மனிதருக்கே அதுதான் முதலில் தோன்றுகிறதென்றால் மற்றவர்களிடம் என்னத்தைச் சொல்வது?

பைக்குள் போன் அடித்தது. காரிக்.

"அம்மா! எத்தனையாவதா போனேன்?"

"ரெண்டாவது."

"ரெண்டா? வால்ட் தானே முதல்ல? கிழவனுக்குக் கண்ணு கிண்ணு போயிடுச்சா?"

"அவரைச் சொல்லாத. நான்தான் மைக்குல பேர் சொன்னேன். எல்ட்ரிட்ஜுன்னு சொல்லிட்டேன்."



"ஏம்மா?"

"உன் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரலடா."

"அது சும்மா ஒரு விளையாட்டும்மா." குரல் சுருங்கியிருந்தது. கோபத்தைவிட அதில் வலி அதிகம். "ஊர்ல எல்லாரும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க. காரிக், எனக்காக ஒரே ஒரு தடவை வேற ஒரு டாக்டரைப் பாரு. நான் கூட வரேன். யாருக்கும் தெரிய வேணாம்."

"பாக்கலாம்." பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அவன் பேச்சை மாற்றினான். அங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது என்றான். மீன் சாண்ட்விச் போட்டார்களா, வால்ட் நிஜமாகவே ரோஜா நிறப் பாவாடைதான் கட்டினாரா என்று கேட்டான். அவள் ஊர்வலத்தை விவரித்தாள். அவர் கையாட்டியதைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தான். சிறுவயதுச் சிரிப்பு அது. அதைக் கேட்டு, டாக்டர் பேச்சை இன்னொரு தடவை எடுக்கலாமா என்று ஒரு தைரியம் கூட அவளுக்கு வந்தது.

"ஆமா அம்மா," என்றான் காரிக், திடீரென்று உற்சாகமாக. "இன்னிக்கு சனிக்கிழமையாச்சே! தீயணைப்புக் கூடத்துல பொறுக்குற நாள் இல்ல? எத்தனையாவதா போனேன்?"

வண்டியின் சக்கரத்தில் கை ஊன்றி நின்றாள் வெர்னெட்டா. உள்ளே யாரோ அடுத்த பெயரைச் சொன்னார்கள், கைதட்டல் கேட்டது.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன்டா."

"எத்தனையாவது?"

"முதல்ல," என்றாள். "முதல் ஆளு நீதான்."

"தெரியும்! எனக்குத் தெரியும்! வால்ட் என்னை விட மாட்டாருன்னு. யாரு மைக்குல சொன்னது? அவரா?"

"நான்தான் சொன்னேன்."

"நீயா!" அவனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "ஊர்ல எல்லாரும் இருந்தாங்களா? சத்தமா சொன்னியா?"

"சத்தமாத்தான்டா சொன்னேன்," என்றாள் அவள்.