இரண்டு நிமிடத்துக்கு மிகாமல்

1

மறக்கப்பட்ட ஒரு மக்களின் நினைவை ஒரு பல்கலைக்கழகம் தன் இரு கைகளிலும் ஏந்தி, வருங்காலத்தின் முன் மண்டியிட்டு நிற்கும் கதை இது.

மேற்படி வாக்கியம் என்னுடையதல்ல. எங்கள் நூலகத்தின் டீன் ஹேல், இணையத் தொகுப்பின் திறப்பு விழா அழைப்பிதழுக்காக எழுதியது. கதைக்குக் கம்பீரமாக ஒரு தொடக்கம் வேண்டுமே என்று எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு சின்னப் பிழை உண்டு: யாரும் எதையும் மறந்திருக்கவில்லை. ஜார்ஜியாவின் இந்த ஊரில் கறுப்பின மக்களின் வீடுகளில், பைபிளுக்குள்ளும் செருப்புப் பெட்டிக்குள்ளும், தாத்தா காலத்திலிருந்து அடக்க ஆராதனைக்கு அச்சடித்த மலர்கள் பத்திரமாகவே இருந்தன. மறந்திருந்தது நாங்கள்தான்.

[கடைசி வாக்கியத்தில் மேடை வாசனை அடிக்கிறது. டீனோடு ஒரே கட்டடத்தில் பல வருஷம் வேலை பார்த்தால் இப்படி ஆகிவிடும். கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன்.]

உண்மையில் இந்தக் கதை, இறந்துபோனவர்களில் ஒருவர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த காலையில் தொடங்கியது.

2

அடக்க ஆராதனை மலர் என்பது தேவாலய வாசலில் கையில் தருகிற நாலு பக்கத் தாள். முகப்பில் படம், உள்ளே வாழ்க்கைக் குறிப்பு, பாடல்கள், பிறகு கருத்துரை வழங்குவோர் பெயர்கள். பெயர்களுக்குப் பக்கத்தில் 'இரண்டு நிமிடத்துக்கு மிகாமல்' என்று போட்டிருக்கும். அதை மதித்த ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. உறவினர் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் தங்கள் மலரைத் தாங்களே எழுதி அச்சடித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு, சபைச் செயலாளரிடம் கொடுத்துவைப்பார்கள்.

நியூ கானான் சபை தன் அலமாரியை அப்படியே எங்களுக்குக் கொடுத்தபோது, அப்படி எழுதிவைத்திருந்த ஓசெல்லா ஸ்டான்சிலின் மலரும் கூடவே வந்துவிட்டது. ஸ்கேன் செய்தோம், இணையத்தில் ஏற்றினோம். இது வரலாறா, இலக்கியமா என்று குழுவில் விவாதம் வந்தது. 'ஓசெல்லா கோபக்காரியாக இருக்கவில்லை. சரியாக இருந்தார்' என்று தன்னைப் பற்றி இறந்தகாலத்தில் எழுதுகிறவரை எந்தத் தட்டில் வைப்பது? இரண்டிலும் வைத்தேன். படத்தில் அவர் அணிந்திருந்த தொப்பி டீனுக்குப் பிடித்துப்போனதால் அவர் முகமே விழாவின் பேனரானது.

அந்தக் காலையில் நூலக வாசலில், தன்னைவிட உயரமான தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"யாரு கண்ணு இங்க ஆளுங்களச் சாகடிக்கிறது?"

நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன்.

"தொப்பி நல்லாத்தான் விழுந்திருக்கு. அதுல குறை சொல்ல மாட்டேன்."

இணையத்தில் பார்த்துத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசலில் கேக்கும் வறுத்த கோழியும் வைத்துவிட்டுப் போனார்களாம். திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை என்று சாப்பிட்டுவிட்டாராம். அவர் வந்தது மூன்றாம் பக்கத்தின் கடைசி வரிக்காக: 'என் அக்கா வெர்டெல் பேச வேண்டாம். வந்தால் உட்காரட்டும்.'

"இது நான் செத்தப்புறம் அவ படிக்கணும்னு எழுதினது. இப்பவே படிச்சிட்டா. நானும் இருக்கேன், அவளும் இருக்கா. ஞாயித்துக்கிழமை ஒரே கூரைக்குக் கீழ உக்காரணும். எடுத்துடு."

3

வெர்டெல் ஒரு பொறாமைக்கார

(இல்லை. எனக்குத் தெரியாது.)

உடன்பிறந்த பெண்களுக்கு இடையில் எப்போதும் ஒரு

(இல்லை. இது கட்டுரையாகிவிடும்.)

தெரிந்ததைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன் அவர்களுடைய அம்மாவின் அடக்க ஆராதனையில் வெர்டெலுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். அவர் எடுத்துக்கொண்டது பாடகர் குழு ஒரு முறை தண்ணீர் குடித்து வருகிற அளவு. அம்மா படுக்கையில் கிடந்த வாரமெல்லாம் ஓசெல்லா டெட்ராய்ட்டில் சொகுசாக இருந்தாள், வந்து பார்க்கவில்லை என்று சபை முன் சொன்னார். ஓசெல்லா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை என்று அன்றிலிருந்து அவர் சொல்லிவருகிறார். ஊர் அதை நம்பவில்லை. சாவுக்கு ஓடிவந்தவளுக்கு நோவு தெரியாமலா போகும் என்றது.

இந்தக் கதையின் பலவீனம் இங்கே இருக்கிறது. வெர்டெலின் பக்கம் என்னிடம் இல்லை. நல்ல கதாசிரியர் அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருப்பார். நான் நூலகத்துக்காரி; எங்களிடம் வருகிறதைத்தான் நாங்கள் வைத்துக்கொள்வோம். வெர்டெல் அப்போது சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தார்.

4

விழா முடியும்வரை எடுக்க முடியாது என்று டீன் சொல்லிவிட்டார். அந்த மலர்தான் தொகுப்பின் ஆன்மா என்றார். பேனரும் அச்சாகிவிட்டது என்றார். இரண்டில் எது காரணம் என்று நான் கேட்கவில்லை.

தொகுப்பின் பெயர் 'குரலற்றோரின் குரல்'.*

விழாவில் டீன் நெடுநேரம் பேசினார். முடிவில், இந்தத் தொகுப்பில் வாழும் மறைந்தவர்களுக்காக எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காக்கச் சொன்னார். இரண்டாம் வரிசையில் இருந்த ஓசெல்லாவும் எழுந்து தலை குனிந்து நின்றார். வெளியே வந்தபோது, தன் சாவுக்குத் தான் மரியாதையாகத்தான் நடந்துகொண்டதாக என்னிடம் சொன்னார். மறுநாள் அவர் பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்தோம்.

* இந்தப் பெயரைப் படித்துவிட்டு ஓசெல்லா கேட்டது: "யாருக்குக் குரல் இல்ல? எங்க சபைக்கு ஒரு நாள் வந்து பாரு."

5

இலை உதிரும் காலத்தில் வெர்டெல் இறந்தார்.

அவரும் தன் மலரைத் தானே எழுதிவைத்திருந்தார். அவர் மகள் ஷர்லீன் அதை அச்சுக்குக் கொடுக்கும் முன் சித்தியிடம் காட்டினாள். ஆராதனை சனிக்கிழமை. வியாழக்கிழமை ஓசெல்லா அந்தத் தாளோடு என் மேசைக்கு வந்தார். கருத்துரை என்ற தலைப்பின் கீழ் ஒரே பெயர்: 'என் தங்கை ஓசெல்லா. இரண்டு நிமிடத்துக்கு மிகாமல்.'

"இது பாசமா, பழியான்னு தெரியல கண்ணு. தெரியாம நான் எப்படி மைக் முன்னாடி நிக்கிறது?"

அவர் வந்த காரணம் வேறு. தன் அம்மா எங்கள் நூலகப் பக்கத்தில் ஏதோ எழுதினார் என்று ஷர்லீன் அவரிடம் சொல்லியிருந்தாள். எங்கள் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பெட்டி உண்டு: 'இதைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா? எங்களுக்குச் சொல்லுங்கள்.' அதில் எழுதுவது எங்கே போகிறது என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. கணினிப் பிரிவில் தோண்டிப் பார்த்ததில், ஓய்வு பெற்று ஃபுளோரிடாவில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் மார்வினின் பழைய மின்னஞ்சலுக்குப் போகிறது என்று தெரிந்தது. திறந்தோம். நாங்கள் 'அடையாளம் தெரியாத பெண்' என்று போட்ட முகங்களுக்கெல்லாம் ஊர்க்காரர்கள் பேரும் தெருவும் எழுதியிருந்தார்கள். நடுவில் வெர்டெல்.

'நான் வெர்டெல். இதுல இருக்கிறவ என் தங்கச்சி. அவ சாகல, தேதி காலியா இருக்கு பாருங்க. நான் பேச வேண்டாம்னு எழுதியிருக்கா, சரி, எழுதட்டும். ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. அம்மா முடியாம கிடந்தப்ப ஓசெல்லாவுக்குத் தந்தி அடிக்கச் சொன்னாங்க. நான்'

ஓசெல்லா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் வந்திருக்கு, மிஸ் ஓசெல்லா. பெட்டி முந்நூறு எழுத்துக்கு மேல வாங்காது."

"வெர்டெல் வாழ்க்கையில ஒரு தடவகூட சொன்ன நேரத்துல நிறுத்தினதில்ல," என்றார். "நீங்க நிறுத்திட்டீங்க."

6

இங்கே கதாசிரியருக்கு வேலை வருகிறது: அந்த வாக்கியத்தை முடிப்பது.

(அ) நான் அடிக்கவில்லை. அவளைத் தண்டிக்க நினைத்தேன்.

(ஆ) நான் அடித்தேன். அவள் வரவில்லை. அதைத்தான் சபையில் சொன்னேன்.

(அ) எழுத எளிது, கண்ணீரும் நிச்சயம். ஓசெல்லாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது வேண்டும் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷமும் அதைத்தானே சொல்லிவந்தார். அவர் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினார்.

"எனக்குத் தந்தி வரல. அது சத்தியம்." பிறகு குரலைத் தாழ்த்தி: "அந்த வருஷம் நான் வீடு மாறியிருந்தேன். புது விலாசத்த யாருகிட்டயும் சொல்லல. வீட்டாளுங்க மேல ஒரு கோவம். சாவுச் சேதிகூட அங்க சபைக்காரங்க வழியாத்தான் வந்து சேர்ந்துது."

அப்படியானால் (ஆ)வும் நடந்திருக்கலாம். தந்தி ஒரு காலி வீட்டின் கதவடியில் கிடந்திருக்கலாம். 'நான்' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எது இருந்ததோ, அதைப் பொறுத்துச் சனிக்கிழமை ஓசெல்லா மன்னிக்கப் போகிறவராகவோ மன்னிப்புக் கேட்கப் போகிறவராகவோ எழுந்து நிற்க வேண்டும்.

சனிக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. ஆராதனையைப் பதிவுசெய்து வரும்படி டீன் என்னை அனுப்பியிருந்தார். ஓசெல்லா மைக் முன் வந்து நின்று, என் கையிலிருந்த போனைப் பார்த்தார். முன்வரிசைகள் திரும்பி என்னைப் பார்த்தன.

"அதப் பைக்குள்ள வை, கண்ணு. இது ஏத்துறதுக்கு இல்ல."

வைத்துவிட்டேன். அவர் பேசினார். இரண்டு நிமிடத்தை வெகுவாக மிஞ்சியது. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். அன்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். இந்தக் கதையில் அது வராது.

7

வாசகர் விரும்பினால் வெர்டெலின் வாக்கியத்தை முடித்துக்கொள்ளலாம். (அ)வோ (ஆ)வோ, என்னிடம் இல்லாத (இ)யோ. ஷர்லீனின் அனுமதியோடு அவர் மலர் இப்போது தொகுப்பில் இருக்கிறது. அதன் அடியில் பெட்டியும் இருக்கிறது. அதைச் சரிசெய்யக் குழு இரண்டு முறை கூடி, டீன் தலைமையில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது.

நேற்று சோதித்துப் பார்த்தேன். இன்னும் மார்வினுக்குத்தான் போகிறது.