நேரலையில் பிந்திய தாய்மாமன்

வேணிக்குப் பெரம்பலூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் எதுவானாலும் செல்போனில் நேரலையாகப் பார்க்க வைக்கிற செயலி அவர்களுடையது. கேமராவிலிருந்து வருகிற கனத்த வீடியோவைச் சுருக்கி, பார்ப்பவரின் இணைய வேகத்துக்கு ஏற்ப நாலைந்து அளவுகளாக மாற்றித் தருகிற பகுதியை எழுதியவள் அவள்தான். அதனால் அரியலூரில் சித்தி மகள் கவியாவுக்குக் கல்யாணம் முடிவானதும், லீவு கிடைக்காமல் குவைத்தில் மாட்டிக்கொண்ட பெண்ணின் அண்ணன் அறிவழகனுக்கு அதைக் காட்டுகிற பொறுப்பு யாரும் கேட்காமலே அவள் தலையில் விழுந்தது.

கண்ணகி சித்திக்கு ஒரே ஒரு குறை. உடையார்பாளையத்தில் நடந்த ஒரு நிச்சயதார்த்தத்தை இதே செயலியில் பார்த்தாராம். புடவை ஜரிகையெல்லாம் கஞ்சி கொட்டிய மாதிரி கலங்கலாகத் தெரிந்ததாம்.

"முகூர்த்தப் புடவைக்குக் கலர் சொன்னதே நம்ம அறிவுதான் வேணி. அவன் ஜரிகைய இழை இழையாப் பாக்கணும்."

வேணிக்கு ரோஷம் வந்துவிட்டது. வீடியோவைச் சுருக்கும் வேலையை அவசரப்படாமல் நுணுக்கமாகச் செய்யும்படி சர்வரின் அமைப்பை மாற்றினாள். சோதித்துப் பார்த்தபோது ஜரிகை மின்னியது. சோதனை ஓரிரு நிமிடம்தான் ஓடியது என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

மண்டபத்தில் மாடியில் மேடை, கீழே சாப்பாட்டுக் கூடம். கூடத்தில் ஒரு பெரிய டிவியை மாட்டி அதிலும் நேரலையை ஓடவிடச் சொன்னவர் ராசாங்கம் மாமா. கவியாவுக்குத் தாய்மாமன் அவர். தாலி கட்டுவதற்கு முன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர். ஆனால் பந்தியைச் சமையல்காரர்களை நம்பி விட்டுவிட அவருக்கு மனசில்லை. டிவி இருந்தால் சாம்பாரையும் முகூர்த்தத்தையும் ஒரே இடத்தில் நின்று கவனிக்கலாம் என்பது அவர் கணக்கு.

படம் பிரமாதமாக வருவதாகக் குவைத்திலிருந்து அறிவழகன் செய்தி அனுப்பினான். பெரம்பலூர் ஆபீஸில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த தமிழழகனும் எல்லாம் கோளாறின்றிப் பச்சையில் இருப்பதாகச் சொன்னான். பெண் மேடைக்கு வந்து உட்கார்ந்ததும், வேணி நிம்மதியாக ஒரு காபி குடிக்கலாம் என்று கீழே இறங்கினாள்.

டிவியில் கேமரா ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு பெண் தலைவிரி கோலமாகக் குனிந்து வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். யாரோ பாவம் என்று ஒரு வாய் காபி குடித்த பிறகுதான் அது தானே என்று வேணிக்குத் தெரிந்தது. அந்த வயரை அவள் செருகியது கவியா மேடைக்கு வருவதற்கு வெகு முன்னால்.

காபியை அப்படியே வைத்துவிட்டுத் தமிழழகனைக் கூப்பிட்டாள். சர்வர் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கேட்டாள். ஒன்றுக்கும் கீழே என்றான் அவன். அதாவது ஒரு நிமிட வீடியோவைச் சுருக்கி முடிக்க சர்வருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. மிச்சமெல்லாம் வரிசையில் நிற்க, வரிசை நீண்டுகொண்டே போயிருக்கிறது. படம் எங்கேயும் நிற்காமல் ஓடியதால் அது பழைய படம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"தமிழு, ஜரிகைய விட்டுரு. வேகமான செட்டிங்குக்கு மாத்தி ரீஸ்டார்ட் பண்ணு."

குவைத்தில் படம் பாதியில் அறுந்துவிடுமே என்று அவன் தயங்கினான். அதற்குள் மாடியிலிருந்து ஆள் மேல் ஆள் வந்தது, ஐயர் தாய்மாமனைத் தேடுகிறார் என்று. வேணி ஓடிப்போய்ச் சாம்பார் வாளியும் கையுமாக நின்ற மாமாவிடம் பட்டம் கட்டக் கூப்பிடுகிறார்கள் என்றாள். அவர் நிதானமாகக் கரண்டியால் டிவியைக் காட்டினார். திரையில் காலி மணவறைக்குப் பக்கத்தில் அவரே நின்று மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"பொண்ணே இன்னும் வரல. நானே மேலதான் நிக்கிறேன், பாரு."

"அது முன்னாடி நின்னது மாமா."

"லைவுன்னு போட்டிருக்கே புள்ள."

திரை மூலையில் சிவப்பாக அப்படித்தான் எழுதியிருந்தது. அந்த எழுத்தை அங்கே வைத்தவளே வேணிதான். இலையில் உட்கார்ந்திருந்தவர்களும், படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி அவளைப் பார்த்தார்கள்.

வாதாடிப் பயனில்லை என்று முடிவுசெய்து, உடனே ரீஸ்டார்ட் செய்யும்படி போனில் சொன்னாள். படம் போய் நடுத்திரையில் வட்டம் சுற்றியது. மொத்தப் பந்தியும் சாப்பாட்டை நிறுத்தியது. என்ன செய்து தொலைத்தாய் என்று மாமா ஆரம்பிக்கும்போதே படம் திரும்பி வந்தது. தலை குனிந்து கவியா உட்கார்ந்திருந்தாள். ஐயர் படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி இடுப்பில் கை வைத்து நின்றார். மாமா நின்ற இடத்தில் யாரும் இல்லை.

மாமா அதைப் பார்த்தார். பாதிச் சாப்பாட்டில் இருந்த ஒருவரின் மடியில் வாளியை வைத்துவிட்டு ஓடினார்.

பந்தி திரையையே பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து, வேட்டியில் சாம்பார் வழிய, மூச்சிரைத்தபடி மாமா படத்துக்குள் வந்து சேர்ந்தபோது கூடத்தில் கைதட்டல் எழுந்தது. பட்டம் கட்டினார். கெட்டிமேளம் முதலில் மாடியிலிருந்தும், சில வினாடிகள் கழித்து டிவியிலிருந்தும் கேட்டது. எந்த மேளத்துக்கு அட்சதை போடுவது என்று தெரியாமல் பாதிப் பேர் இரண்டு முறையும் போட்டார்கள்.

மத்தியானம் அறிவழகன் போன் செய்தான். மாமா ஓடி வந்ததைச் சொல்லிச் சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. ரீஸ்டார்ட்டில் நடுவே ஒரு பகுதி அவனுக்குக் காணாமல் போயிருந்தது.

"கவியா மேடைக்கு நடந்து வந்தத மட்டும் பாக்க முடியல வேணி."

வேணிக்குக் கேமராவிலேயே ஒரு பதிவு இருப்பது ஞாபகம் வந்தது. கல்யாணக் கூட்டத்தை விட்டுத் தனியே போய் உட்கார்ந்து அந்தப் பகுதியை வெட்டி எடுத்தாள். சுருக்கவேயில்லை. மண்டபத்து இணையத்தில் அது முழுதாகப் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. பார்த்துவிட்டு அவன் நேரே தங்கைக்குப் போன் செய்தான். அண்ணனும் தங்கையும் பேசி முடிக்கும்வரை மாப்பிள்ளை வீட்டு வேன் வாசலில் காத்திருந்தது.