இரைப்பை யாருக்கு?

மகோக்காவின் மூக்குக்கு நிகரான மூக்கு புங்கோமா வட்டாரத்தில் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கோழியை அறுத்தால், இந்தப் பக்கம் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதிலும் தம்பி பெண்டாட்டி நெலிமா வீட்டுக் கோழி என்றால், இறகு பிய்த்து முடிப்பதற்குள் கூடத்தின் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தம்பி செத்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு ஆண்பிள்ளை அவர்தான். ஆண்பிள்ளைக்குத்தான் கோழியின் இரைப்பை. பெண்கள் அதைக் கீறலாம், உள்ளே இருக்கிற கல்லையும் மண்ணையும் கழுவலாம், உப்புப் போட்டு வேக வைக்கலாம். வாயில் மட்டும் போடக் கூடாது. போட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. போட்டுப் பார்த்தேன் என்று ஒருத்தியும் சொன்னதில்லை.

நெலிமாவும் போட்டதில்லை. அவளுடைய மாவு மில் ஓடுகிற சத்தத்தில் பக்கத்து ஊர்க் கோழிகள் முட்டையிட மறந்துபோகும். அந்த மில்லை வைத்துத்தான் கல் வீடு கட்டினாள். மகள் நசாம்புவைத் துறைமுக நகரமான மொம்பாசாவுக்கு அனுப்பிக் கிரேன் ஓட்டப் படிக்க வைத்தாள். ஆனாலும் ஐம்பது வயது வரை கோழியில் அவள் பங்கு கழுத்தும் இறக்கையும்தான்.

அந்தச் சனிக்கிழமை நசாம்புவைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. நெலிமா இரண்டு சேவல் அறுத்தாள். ஒன்றின் இரைப்பை சம்பந்திக்கு, இன்னொன்றினது இந்த வீட்டு ஆண்பிள்ளைக்கு. அதுதான் முறை.

மகோக்கா அடுக்களை வாசல் வரை வந்து நின்றார். உள்ளே காலை வைக்க மாட்டார். அடுக்களைக்குள் அவர் கடைசியாக நுழைந்தது தவழ்கிற வயதில் இருக்கும்.

"நெலிமா, சம்பந்தி கயெம்பாகிட்ட போன்லயே பேசி முடிச்சிட்டேன். கல்யாணம் ஆனதும் பொண்ணு வீட்டோட இருப்பா. துறைமுகம், கிரேன் எல்லாம் வேண்டாம்னுட்டார். நானும் சரின்னுட்டேன்."

நெலிமாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. "திங்கட்கிழமை வேலைக்குச் சேரணும் மச்சான். டிக்கெட் கூட எடுத்தாச்சு. யாரைக் கேட்டு சரின்னீங்க?"

"இந்த வீட்டுல நான் யாரைக் கேக்கணும்? டிக்கெட்டைத் திருப்பிக் குடு." மூக்கை உறிஞ்சினார். "குழம்பு வாசனை பிரமாதம்." போய்விட்டார்.

கீரை நறுக்கிக்கொண்டிருந்த நசாம்பு கத்தியைக் கீழே வைத்தாள். "அம்மா, நீ பேசேன்."

"நான் எங்கடி பேசறது? பேச்சு நடக்கறது கூடத்துல. நான் இருக்கறது இங்க."

"நானூறு பேர் பரீட்சை எழுதி அதுல பத்துப் பேர் பாஸ். அதுல நான் ஒருத்தி. அந்தக் கிரேன்ல ஏறி உக்காந்தா இந்தியா வரைக்கும் தெரியும்மா. அதை விட்டுட்டு பெரியப்பா சொன்னார்னு ஆடு மேய்க்கவா?"

நெலிமா உப்புப் பார்க்க அகப்பையை விட்டாள். அகப்பையில் ஏறி வந்தது இரைப்பை. கரும்பழுப்பாக, பளபளவென்று, மகோக்காவின் முகம் மாதிரியே உப்பிக்கொண்டு. அதைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். வாயில் போட்டாள்.

வானம் இடியவில்லை. மென்றாள், இன்னும் மென்றாள். மாட்டு வண்டிச் சக்கரத்து ரப்பரைக் கூட இதற்குள் விழுங்கியிருக்கலாம்.

"எப்படிம்மா இருக்கு?" நசாம்பு கண்ணை அகல விரித்தாள்.

"இதுக்கா இத்தனை வருஷம் இத்தனை ஆர்ப்பாட்டம்?"

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கயெம்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முறை தவறினால் சொந்த நாயைக் கூட முட்டி போட வைக்கிறவர். மாப்பிள்ளை சிபுனாவும் ஆசிரியர்தான், ஆனால் அப்பா எதிரில் பேசத் தெரியாத பையன். சோளக்களி வந்தது, கீரை வந்தது, கோழி வந்தது. மகோக்கா எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சம்பந்தி, பேச்சுன்னா ஒரே ஆள்தான் பேசணும். எங்க வழக்கம் தெளிவானது. இந்த வீட்டுல இரைப்பை யாருக்கோ, வாக்கும் அவருக்குத்தான்."

"அது பேச்சு," என்றார் கயெம்பா, தன் கிண்ணத்தின் மேலாக இருந்த இரைப்பையை எடுத்துக் கடித்தபடி.

மகோக்கா உட்கார்ந்து தன் கிண்ணத்தைக் கிளறினார். தொடை வந்தது. நெஞ்சு வந்தது. இன்னொரு தொடையும் வந்தது. கிணறு தூர் வாருகிற மாதிரி அடி வரை போனார்.

"நெலிமா! எங்க அது?"

அவள் வாசலில் வந்து நின்றாள். "எது மச்சான்?"

"எதுன்னா? சம்பந்தி முன்னாடி என்னை அவமானப்படுத்தறியா? இரைப்பை வராம நான் வாயைத் திறக்க மாட்டேன்!" கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டைப் பூட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

கயெம்பா நிதானமாக மென்று விழுங்கினார். அதற்குள் ஒரு மழை பெய்து ஓய்ந்திருக்கலாம். "அவர் சொல்றது நியாயம். இரைப்பை சாப்பிட்டவங்கதான் பேசணும். யார் சாப்பிட்டது?"

"நான்தான்," என்றாள் நெலிமா.

மகோக்கா திரும்பினார், வாய் பிளந்தது. பூட்டியது ஞாபகம் வந்து மறுபடி மூடிக்கொண்டது.

"நீங்களா?" என்றார் கயெம்பா.

"உப்புப் பார்க்கப் போனேன், வந்துச்சு. இது நான் கட்டின வீடு, நான் வளர்த்த சேவல். உங்க இரைப்பையை நான் தொடலை, சம்பந்தி. அது உங்க கிண்ணத்துக்கு வந்திருச்சு."

கயெம்பாவால் அதை மறுக்க முடியவில்லை. அது அவர் வயிற்றுக்குள் இருந்தது.

"சரி. பேசுங்க."

நெலிமா உள்ளே வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து அடுப்படியில் நின்றதால்தான் உட்கார்ந்தாள். பார்த்தவர்களுக்கு அது மிடுக்காகத் தெரிந்தது. "பையனை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. கல்யாணம் டிசம்பர்ல வச்சுக்கலாம். திங்கட்கிழமை நசாம்பு வேலைக்குப் போறா. கல்யாணத்துக்கப்புறமும் போவா."

"நான் ஒத்துக்கலைன்னா?"

"கல்யாணம் நிக்கும். வேலை நிக்காது."

சொல்லிவிட்டு வாசலில் வந்து நின்ற மகளைப் பார்த்தாள், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று. நசாம்புவின் முகம் வெளுத்திருந்தது. சிபுனாவை அவளுக்கு நிஜமாகவே பிடிக்கும். ஆனாலும் சரி என்று தலையை ஆட்டினாள்.

கயெம்பா மீசையைத் தடவினார். அப்போதுதான் சிபுனா தன் தட்டைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தான். "மொம்பாசாவுலயும் பிள்ளைங்க படிக்கத்தானப்பா செய்யறாங்க."

"என்னடா சொன்ன?"

"அங்க... பள்ளிக்கூடம் இருக்குன்னேன். மாத்தல் கேட்டா தருவாங்க."

கயெம்பா மகனை, ஏதோ ஒட்டகச்சிவிங்கி பேசிவிட்ட மாதிரி பார்த்தார். பிறகு தண்ணீர் குடித்தார். "வாக்கு வாக்குதான். முறைப்படி சாப்பிட்டிருக்காங்க, முறைப்படி சொல்லியிருக்காங்க. டிசம்பர்."

புறப்படும்போது வழக்கப்படி எல்லாருக்கும் உயிர்க் கோழி கொடுத்தனுப்பினாள் நெலிமா. மகோக்காவுக்குக் கொழுத்ததாகப் பார்த்துக் கொடுத்தாள்.

"இதுக்குள்ள ஒண்ணு இருக்கு மச்சான். உங்க வீட்டுல உங்களுக்குத்தான்."

அவர் கோழியை வாங்கிக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் மனைவி ரோடா போன் பண்ணினாள். சிரிப்பில் பாதி வார்த்தை காணாமல் போனது.

"நெலிமா, என்னடி பண்ணி வச்ச? கோழி அடுப்புல இருக்கு. மனுஷன் அடுக்களைக்குள்ள முக்காலியைப் போட்டுச் சட்டிக்குக் காவல் இருக்கார்!"

"அடுக்களைக்குள்ளயா? மச்சானா?"

"நகர மாட்டேங்கறார். 'உப்பு நானே பாத்துக்கறேன்'கறார். சரி, வந்ததுதான் வந்தாரேன்னு வெங்காயத்தை உரிக்கக் குடுத்தேன்." போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ரோடா கத்துவது கேட்டது. "ஏங்க! அடுப்பு அணையுது பாருங்க. ஊதுங்க, நல்லா ஊதுங்க!"