கோரையும் உமரியும் கலந்த பைகள்

நாஜியா குப்பை ஆராய்ச்சி செய்கிறாள் என்று மரக்காணம் பஜாரில் கேலி பேசுவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. செடிகள் உதிர்க்கிற இலைதழைதான் அவளுடைய பிஎச்டி. உப்பளங்களுக்குப் பின்னால், கழுவேலி ஏரித் தண்ணீர் கடலைப் பார்த்துப் போகிற வழியில், கறுப்புச் சேற்றில் உமரிச் செடியும் கோரைப் புல்லும் விழுந்து மட்குகின்றன. உமரி சதைப்பற்றுள்ளது, சீக்கிரம் கரைந்துவிடும். கோரை பிடிவாதம் பிடித்தது, லேசில் மசியாது. இரண்டும் கலந்து கிடந்தால் என்ன ஆகும்? உமரி கோரையையும் இழுத்துக்கொண்டு கரையுமா, கோரை உமரியைப் பிடித்து நிறுத்துமா? மட்காமல் சேற்றில் தங்கும் இலை, காற்றில் கலக்க வேண்டிய கார்பனைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அதனால் இது உலகத்துக்கே வேண்டிய கேள்வி என்று நாஜியா நம்பினாள். உலகம் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

இலைகளை அடைக்கப் பைகள் வேண்டியிருந்தன. மீனவர் குப்பத்து தெய்வநாயகியிடம், இறால் பிடிக்கிற நெருக்கமான பழைய வலையை வாங்கித் தானே பைகளாகத் தைத்தாள். சிலவற்றில் உமரி மட்டும், சிலவற்றில் கோரை மட்டும், மீதியில் இரண்டும் கலந்து, எடை போட்டு அடைத்துச் சேற்றில் புதைத்துக் கழிகளில் கட்டினாள். இடையிடையே சில பைகளை எடுத்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வருஷம் ஊறப்போகும் கடைசிப் பைகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவற்றை எடுக்க வேண்டிய வாரம் பார்த்து நாஜியாவை டெங்கு படுக்கையில் தள்ளியது. வெளியே மழை கொட்டியது, கழுவேலி நிரம்பியது, வெள்ளம் கழிகளைப் பிடுங்கிப் பைகளைப் புதரில் கொண்டுபோய்ச் செருகியது. வெள்ளம் வடிந்ததும் அங்கே கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த தெய்வநாயகி அவற்றைப் பார்த்துவிட்டாள்.

குப்பத்தில் ஒரு முறை உண்டு. அடுத்தவர் வலை அறுந்து வந்து கையில் சிக்கினால் அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார்கள். தழையும் பாசியும் வலையிலேயே கிடந்தால் நூல் இற்றுப்போகும். ஒவ்வொன்றாகப் பொறுக்கிப்போட்டு, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தித்தான் உடையவர் கையில் கொடுப்பார்கள். தெய்வநாயகியும் அதைத்தான் செய்தாள். தையலைப் பிரித்து, உள்ளே இருந்ததையெல்லாம் உதறித் தண்ணீரில் விட்டு, பைகளைப் பளிச்சென்று அலசினாள். அதோடு விட்டாளா? பிரித்த தையலை, நாஜியா போட்டதைவிட நேர்த்தியாகத் திரும்பப் போட்டாள்.

காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்த நாஜியாவின் மடியில் அந்த வெள்ளை அடுக்கை வைத்தாள்.

"ஜொரத்துல கெடக்குற, அலையாதன்னு நானே எடுத்தாந்துட்டேன். உள்ள பூரா அழுவுன தழை. சுத்தமா பண்ணிட்டேன்."

நாஜியா பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு நரம்புகூட மிஞ்சவில்லை. ஒரு வருஷம் போயே போய்விட்டது. கத்தல் வாய்வரை வந்தது. எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா" என்றாள்.

அவள் போன பிறகு தலையணையில் முகம் புதைத்து அழுதாள். போனில் பேராசிரியர், மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார். அம்மா ரம்ஜான் பீவி கஞ்சியை ஆற்றிக் கொடுத்தபடியே, பாவம், நல்லதென்று நினைத்துச் செய்தவள், அவளிடம் ஒன்றும் சொல்லிவிடாதே என்றாள். நாஜியாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனால் சொல்லாமல் விட்டால் அடுத்த வருஷமும் அந்தப் புண்ணியவதி அலசிக் கொண்டுவந்து மடியில் வைப்பாளே.

உடம்பு தேறியதும் குப்பத்துக்குப் போனாள். கூடையில் இறால் ஆய்ந்துகொண்டிருந்த தெய்வநாயகியிடம், அந்தத் தழைதான் எனக்கு வேண்டியிருந்தது, அதை எடை போடத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன் என்று முடிந்த மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

தெய்வநாயகியின் கை நின்றுபோயிற்று. முகம் கறுத்தது. அழுவாள் என்று நாஜியா பயந்தாள். ஆனால் தெய்வநாயகிக்குக் கோபம்தான் வந்தது.

"வலைய எங்கிட்டதான் வாங்குன. எங்க வாசல் வழியாதான் போற, வர்ற. அதுல இன்னா இருக்குதுன்னு நான் எத்தினி தபா கேட்டிருப்பேன்? 'சும்மா காலேஜ் வேலைக்கா'ன்னியே. சொன்னா புரியாதுன்னு நெனச்சியா?"

நாஜியா உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தாள். டெல்லிக் கருத்தரங்கில், அதற்குமுன் கண்டும் அறியாத மனிதர்களிடம் படம் போட்டு விளக்கியவள், அந்தச் சேற்றிலேயே பிழைக்கிறவளிடம் ஒரு வாக்கியம் செலவழிக்கவில்லை. அவளை மட்டமாகத்தான் நினைத்திருந்தோம் என்பது வெட்கமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டாள். தெய்வநாயகி அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, காலால் ஒரு மணையை இழுத்துப் போட்டாள்.

"ஒக்காரு. இப்ப சொல்லு."