எதிர்ப்பக்க ஸ்டீயரிங்

லிஃப்ட்காரரும் பல் டாக்டரும் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு கார். சண்டை வந்தபோது அந்தக் கார் கப்பலில்கூட ஏறியிருக்கவில்லை. வராத காருக்கு இவ்வளவு ரகளையா என்று குடும்பத்தில் கேட்காதவர்கள் யாரும் இல்லை.

லிஃப்ட்காரர் என்றதும் உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்க்கும் கம்பெனி அவருடையது. பல் டாக்டர் அவருடைய மனைவிக்கு அண்ணன். ஒரே வயது, ஒரே கிறுக்கு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், இரண்டு பேரும் ஒரு பழைய ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு கல்குவாரிக்குப் பின்னால் இருக்கும் மண்பாதைக்குப் போய்விடுவார்கள். மதியம் திரும்பும்போது ஜீப்பும் ஆட்களும் ஒரே நிறத்தில் இருப்பார்கள். அவர்களை அப்படியே வீட்டுக்குள் விடக் கூடாது என்பதற்காகவே லிஃப்ட்காரரின் மனைவி வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய் போட்டு வைத்திருந்தாள்.

ஒரு நாள் ஜீப் படுத்தது. படுத்தது படுத்ததுதான். ஒரு மாதம் துக்கம் காத்தபின் பல் டாக்டர்தான் அந்தக் காரைக் கண்டுபிடித்தார். எங்கோ பனி கொட்டும் நாட்டில் ஒரு சின்னப் பட்டறை, கேட்கிறவர்களுக்கு மட்டும் செய்து கொடுக்கிறார்கள். பந்தயக் கார்தான், ஒடுங்கிய மூக்கு, இரண்டே இருக்கை, எஞ்சின் முதுகுப் பக்கம். ஆனால் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, பெரிய பட்டன் வைத்த தடித்த டயர்களை மாட்டி, தலைமேல் இன்னொரு டயரைக் கட்டி, பக்கவாட்டில் ஒரு மண்வெட்டியையும் சொருகியிருந்தார்கள். படத்தைப் பார்த்த லிஃப்ட்காரரின் மனைவி, "இது என்னங்க, தவளைக்கு ஷூ போட்ட மாதிரி இருக்கு?" என்றாள். அன்றிலிருந்து அதன் பெயர் தவளை.

இருவரும் பாதிப் பாதி பணம் போட்டு ஆர்டர் கொடுத்ததும், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் வேண்டும் என்று பட்டறையில் கேட்டார்கள். கூடவே, முகம் நேராக நம்மைப் பார்த்தபடி நிற்கும் காரின் படம் ஒன்று. பல் டாக்டர் அந்தப் படத்தை அனுப்பிவிட்டு மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் ஏதோ ஒரு மாடியில், திறந்து கிடந்த லிஃப்டுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட் வேலையில் பக்கம் என்பது வெளியே நின்று உள்ளே பார்க்கிறவனின் பக்கம். அந்தப் பழக்கத்தில் படத்தைப் பார்த்து ஒரு பக்கம் சொன்னார். பல் வைத்தியத்திலோ பக்கம் என்பது நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறவரின் பக்கம். பல் டாக்டர் அதைக் காரின் பக்கமாக எடுத்துக்கொண்டு பட்டறைக்குச் சொல்லிவிட்டார். கார் தயாராகிப் படம் வந்தபோதுதான் தெரிந்தது, ஊரில் எல்லாக் கார்களுக்கும் ஸ்டீயரிங் எந்தப் பக்கமோ அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தவளைக்கு இருந்தது.

அன்று ஒரு கல்யாண வீட்டில் இரண்டு குடும்பமும் பந்தியில் உட்கார்ந்திருந்தது. "உனக்கு மேலே, கீழே ரெண்டுதானே தெரியும். பக்கத்தைப் பத்தி உன்கிட்ட கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார் பல் டாக்டர். பந்தி சிரித்தது. லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. "நீ இத்தனை நாளா சரியான பல்லைத்தான் பிடுங்குறியான்னு எனக்கு இப்பதான் சந்தேகமா இருக்கு" என்றார். பந்தி இன்னும் பலமாகச் சிரித்தது. அதில் பல் டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்களே பத்துப் பேர் இருந்தார்கள். பல் டாக்டர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.

அதற்குப் பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வாடா, போடா என்றிருந்தவர்கள் வாங்க, போங்க என்றார்கள். விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று வீட்டாருக்கு அப்போதுதான் உறைத்தது.

பேச்சில்லாத இரண்டு பேருக்கு ஒரு கார் எதற்கு? வந்து இறங்கியதும் விற்றுவிடுவது என்று பல் டாக்டரின் தங்கை மூலமாக முடிவானது. சோபாக் கடை முதலாளி ஒருவர் கடை வாசலில் நிறுத்தி வைக்க அப்படி ஒரு விநோதமான வண்டியைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம். துறைமுகத்திலிருந்து நேராகத் தன் கடைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார். லிஃப்ட்காரருக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. கார் போவதுகூடப் பெரிதில்லை. கார் போய்விட்டால் மச்சானோடு பேசுவதற்கு இருக்கும் கடைசிச் சாக்கும் போய்விடும். அதன்பின் ஏதாவது விசேஷத்தில் எதிரெதிரே நின்று, நல்லா இருக்கீங்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நினைக்கும்போதே அவருக்கு நெஞ்சை அடைத்தது. ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது அடைத்த நெஞ்சிலும் எப்படியோ இடம் பிடித்து உட்கார்ந்துகொள்கிறது.

கார் இருவர் பேரிலும் இருந்ததால் இருவருமே போய் எடுக்க வேண்டியிருந்தது. மனைவி துறைமுகத்து கேட்டில் அவரை இறக்கிவிட்டாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போய்ப் போய் எனக்கு வாய் வலிக்குது. அந்த வலிக்கு மருந்து கேக்கவும் அண்ணன்கிட்டதான் போகணும். இன்னிக்கு எப்படியோ நீங்களே பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே கொட்டகையின் ஓரத்தில் தவளை நின்றுகொண்டிருந்தது. ஆரஞ்சு நிறம். மேலே உப்புத் தூசி. லிஃப்ட்காரருக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தார், பல் டாக்டரும் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார்.

"நீங்களே ஓட்டுங்க" என்றார் பல் டாக்டர்.

"பரவாயில்ல, நீங்க ஓட்டுங்க."

"இல்லல்ல, நீங்கதான்."

"யாராவது ஒருத்தர் எடுங்க சார், பின்னாடி வண்டி நிக்குது" என்றார் கொட்டகைக்காரர்.

லிஃப்ட்காரர் விறைப்பாகப் போய் ஏறினார். கதவைச் சாத்தி, சாவியை நீட்டி, ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனார். எதிரே சாமான் வைக்கும் ஒரு சின்ன டிராயர்தான் இருந்தது. பக்கத்து சீட்டில் உட்காரப் போன பல் டாக்டரின் வயிற்றை ஸ்டீயரிங் அழுத்திக்கொண்டிருந்தது. இந்த ஒரு விஷயத்துக்காக மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர்கள், அந்த விஷயத்தையே மறந்துபோய் ஏறியிருந்தார்கள். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி, காருக்கு முன்னால் ஒருவரையொருவர் கடந்து போய், பக்கம் மாறி ஏறினார்கள். கொட்டகைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நெடுஞ்சாலையில் ஏறிய கொஞ்ச நேரத்தில் முன்னால் ஒரு செங்கல் லாரி வந்து சேர்ந்தது. அது ஆடி அசைந்து போயிற்று. எதிரே வண்டி வருகிறதா என்று தெரிந்தால் தாண்டிவிடலாம். ஆனால் லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்ததோ சாலையோரப் பக்கம். எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் செங்கல்தான் தெரிந்தது. எதிரே வருவது பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் தெரியும். கேட்டால் சொல்வார். கேட்பதற்கு லிஃப்ட்காரருக்கு வாய் வரவில்லை. கேட்காமல் சொல்வதற்கு அவருக்கும் வரவில்லை. பந்தயக் கார் செங்கல் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தது. செங்கல் பொடி கண்ணாடியில் படிந்தது. பின்னால் வந்த ஒரு ஸ்கூட்டர்காரர் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்.

அந்த ஸ்கூட்டர்தான் பல் டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

"வரலாம்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

லிஃப்ட்காரர் காரை லேசாக வெளியே எடுத்தார்.

"இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... அப்படித்தான்... ஆடாம இருங்க... அவ்வளவுதான், அவ்வளவுதான்... முடிஞ்சுது, துப்பிடுங்க!"

லாரியைத் தாண்டியாயிற்று. பல் டாக்டர் சிவந்துபோன முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். லிஃப்ட்காரர் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டார். அடக்கியது அவ்வளவும் தோளில் வந்து குலுங்கியது.

அதற்கப்புறம் ஒவ்வொரு லாரிக்கும் பஸ்ஸுக்கும் பல் டாக்டர் சொல்ல, இவர் தாண்டினார். "வாங்க." "இருங்க." "ம், வாங்க." வேறு பேச்சில்லை. ஆனாலும் லிஃப்ட்காரருக்கு அது போதுமாக இருந்தது. இன்னும் நாலு லாரி வராதா என்றிருந்தது.

லாரிகள் தீர்ந்துபோய், கல்குவாரிக்குப் பிரியும் இடம் வந்தது. நேரே போனால் சோபாக் கடை. எதிர்ச் சாரியைக் கடந்து திரும்பினால் மண்பாதை. முந்தைய நாள் நல்ல மழை. தூரத்தில் செம்மண் பளபளவென்று கிடந்தது தெரிந்தது. லிஃப்ட்காரர் வேகத்தைக் குறைத்தார். கை தானாகப் போய்த் திரும்பும் விளக்கைப் போட்டது. டிக் டிக் என்று அது அடித்துக்கொண்டது. சாலை அங்கே அவர் பக்கமாக வளைந்து மரங்களுக்குள் மறைந்ததால், திரும்புவதென்றால் எதிரே வண்டி இல்லை என்று பக்கத்தில் இருக்கிறவர்தான் சொல்ல வேண்டும். அவர் பேசாமல் இருந்துவிட்டால் நேரே போக வேண்டியதுதான், கடையில் காரை விட்டுவிட்டு ஆளுக்கொரு ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான். லிஃப்ட்காரர் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதே உண்மை.

பல் டாக்டர் சாலையைப் பார்த்தார். எதிரே ஒரு பஸ் போயிற்று. ஒரு கார் போயிற்று. பிறகு சாலை காலியாகிவிட்டது. காலியாகவே இருந்தது. அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"வா" என்றார்.

தவளை சாலையைக் கடந்து மண்ணில் குதித்தது.

அதன்பின் நடந்ததை நடந்தபடி சொல்ல யாராலும் ஆகாது. முதல் பள்ளத்தில் இருவர் தலையும் கூரையில் இடித்தது. இரண்டாவது மேட்டில் நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பின. இறங்கும்போது இருவரும் சேர்ந்து கத்தினார்கள். ஜீப் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிய சரிவுகளைத் தவளை விசிலடிப்பதுபோல ஏறியது. வளைவுகளில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு சுழன்றது, சேறு விசிறியாக அடித்தது. எதிரே வண்டியும் இல்லை, கோடும் இல்லை, ஓரமும் இல்லை. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருந்தால் யாருக்கு என்ன?

"மிதிடா, மிதி!" என்று பல் டாக்டர் கூரையைத் தட்டினார். "அந்தப் பாறைப் பக்கம் விடு! டேய், இந்தப் பக்கம் இல்லடா, அந்தப் பக்கம்!"

"எந்தப் பக்கம்னு தெளிவா சொல்லித் தொலை!"

சொல்வதற்குள் தவளை ஒரு குட்டையில் இறங்கிவிட்டது. ஒரு சக்கரம் அந்தரத்தில் சும்மா சுற்றியது. இரண்டு பேரும் இறங்கினார்கள். முழங்கால் வரை சேறு. மண்வெட்டியால் கொஞ்சம் வெட்டிப் பார்த்தும் அசையவில்லை. லிஃப்ட்காரர் காரைச் சுற்றி வந்து, தூக்கி நின்ற மூலையைப் பார்த்தார். லிஃப்ட் ஏற எதிர்ப்புறம் எடை இறங்க வேண்டும், அவர் பிழைப்பே அதுதான்.

"மச்சான், நீ போய் அந்த மூலையில ஏறி உக்காரு. உன் எடைக்கு எது வேணாலும் இறங்கும்."

சொன்ன பிறகுதான் மச்சான் என்று சொல்லிவிட்டது அவருக்கே தெரிந்தது. பல் டாக்டர் போய் எஞ்சின் மூடிமேல் ஏறிக் குந்தினார். மிதித்ததும் சக்கரம் மண்ணைப் பிடித்து, கார் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. பல் டாக்டர் பின்பக்கமாகக் குட்டையில் விழுந்தார். எழுந்தபோது அவருடைய பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது.

லிஃப்ட்காரர் அவரைக் கை கொடுத்துத் தூக்கினார். கொடுத்த கையை எடுக்கவில்லை.

"மச்சான், அந்தப் பல்லு விஷயம்... அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா. ரொம்பத் தப்பு."

பல் டாக்டர் முகத்துச் சேற்றை வழித்து உதறினார். "அன்னிலேருந்து ஒவ்வொரு பல்லையும் பிடுங்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சரிபாக்குறேன். நர்ஸ் என்னைச் சந்தேகமா பாக்குறா. எனக்கு அவ்வளவு வலிச்சுதுடா." சட்டை நுனியைப் பிழிந்தார். "நான் மட்டும் என்ன, உன் வேலையை மேலே கீழேன்னு இளக்காரமா பேசிட்டேன். அதுக்கு முன்னாடி ஆரம்பிச்சவன் நான்தானே."

"ஆமா, நீதான் ஆரம்பிச்சே" என்று லிஃப்ட்காரர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

இருவரும் காரின் மேல் சாய்ந்துகொண்டு, ஒன்றுமில்லாததற்கெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்போதுதான் காருக்குள் போன் அடித்தது. சோபாக் கடை முதலாளி. பல் டாக்டர் சேற்றுக் கையால் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க இருக்கீங்க டாக்டர்? வாசல்ல இடமெல்லாம் ஒழிச்சு வெச்சிருக்கேன்."

பல் டாக்டர் மச்சானைப் பார்த்தார். மச்சான் அவரைப் பார்த்தார்.

"சார், மன்னிச்சுக்குங்க. இந்த வண்டியில ஒரு குறை இருக்கு. ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம். ஒருத்தரால ஓட்ட முடியாது. பக்கத்துல ஆள் இருந்து வா, வான்னு சொல்லணும்."

"அட, ஓட்டறதுக்கா கேட்டேன்? சும்மா நிறுத்தி வைக்கத்தானே!"

"சும்மா நிறுத்தி வைக்கவா?" என்றார் பல் டாக்டர். "அப்ப சத்தியமா தர முடியாது சார்."

திரும்பும்போது பல் டாக்டர் ஓட்டினார். சேற்றில் ஊறிய சட்டை சீட்டில் ஒட்டிக்கொண்டது. வீட்டு வாசல் குழாயை நினைத்து இருவருக்கும் கொஞ்சம் நடுக்கம் இருந்தது. மண்பாதை முடிந்து நெடுஞ்சாலை வந்ததும் பல் டாக்டர் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். லிஃப்ட்காரர் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி, இந்தக் கோடியும் அந்தக் கோடியும் நன்றாகப் பார்த்தார்.

"காலியா இருக்கு" என்றார். "வா மச்சான்."