முக்கால் மாத்திரை அடி

"லில்லிபாய் எங்க?"

ஜாண்றோஸ் மூன்றாவது தடவை கேட்டான். கையில் பால்வெட்டுக் கத்தி. ரப்பர் மரத்தில் பட்டை சீவுகிற கத்தி, நுனி வளைந்தது. காலையில்தான் தீட்டியிருக்கிறான். விளிம்பு வெள்ளையாக மின்னியது.

"தெரியாது" என்றாள் ரோஸ்லெட்.

"தெரியாமத்தான் அவளுக்குத் தோளெலும்ப வச்சுக் கெட்டினியா?"

"எலும்பத்தான் வச்சுக் கெட்டினேன். அட்ரஸ வச்சுக் கெட்டல்ல."

"வைத்தியச்சிக்கு நாக்கு நீளம். அதுக்கும் ஒரு கெட்டு போட்டிர வேண்டியதுதான்."

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. வேர்க்கிளம்பியில் பாதிப் பேர் சர்ச்சில் இருந்தார்கள். ரோஸ்லெட்டின் வர்ம வைத்தியசாலையில் எண்ணெய்ச் சட்டிகளும் மருந்து இடிக்கிற கல்லும் அவளும் மட்டும்தான். பார்த்துத்தான் வந்திருக்கிறான்.

பத்து நாளுக்கு முன்னால் இவன் பெண்டாட்டி லில்லிபாய் தோளெலும்பு இரண்டாகி இங்கே வந்தாள். இரண்டு வருஷத்தில் மூன்றாவது தடவை. கட்டுப் போட்ட பிறகு அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. எங்கே போனாள் என்று தெரிந்த ஒரே ஆள் ரோஸ்லெட்.

ஜாண்றோஸ் ஒரு எட்டு முன்னால் வந்தான். கத்தி அவள் முகத்துக்கு நேராக வந்தது.

ரோஸ்லெட் பின்வாங்கவில்லை. கத்தி பிடித்த கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற குழியில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். அதற்குக் கவுளி என்று பெயர். கத்தி தானாகக் கீழே விழுந்தது.

"எடீ..."

அவனுடைய இடது கை அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்தது. அவள் கால்கள் தரையை விட்டு எழும்பின. காதில் இரைச்சல். கண் முன்னால் பூச்சி பறந்தது.

இடது கையைத் தூக்கியதால் அவன் இடது விலா திறந்து கிடந்தது. அக்குளுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி. ரோஸ்லெட் நடுவிரல் முட்டியை மடக்கிக் குத்தினாள்.

கால் மாத்திரை போதும் என்றுதான் நினைத்தாள். வர்மத்தில் அடியின் வேகத்தை மாத்திரைக் கணக்கில்தான் சொல்வார்கள். கால் மாத்திரை விழுந்தால் மூச்சு ஒரு நிமிஷம் அடைத்து ஆள் உட்கார்ந்துவிடுவான். ஆனால் கழுத்து நெரிகிறபோது கை அளவு பார்க்குமா? விழுந்தது முக்கால்.

ஜாண்றோஸ் சத்தமே இல்லாமல் சரிந்தான். சரிகிறபோது முன்நெற்றி மருந்துக்கல்லின் விளிம்பில் மோதிப் பிளந்தது. ரத்தம் கொட்டியது.

ரோஸ்லெட் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐந்து.

முழு மாத்திரை என்றால் ஆள் திரும்ப மாட்டான். முக்காலுக்கு மூன்று நாழிகை உண்டு. ஒன்றேகால் மணி நேரம்கூட முழுசாக இல்லை. அதற்குள் எதிர்ப்பக்கம் தட்டி அடைப்பை இளக்க வேண்டும். இல்லாவிட்டால் அடித்த கை கொலைகாரக் கை.

அவள் முட்டி போட்டு அவனைப் புரட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

வெளியே ஜீப்பில் காத்திருந்த ஜாண்றோஸின் அண்ணன் செல்லக்கண். தரையில் ரத்தத்தில் தம்பி. அவன் மேலே குனிந்திருக்கிற பொம்பளை. வேறென்ன தோன்றும் அவனுக்கு?

"கொன்னு போட்டியேடீ!"

பிடித்துத் தள்ளியதில் ரோஸ்லெட் எண்ணெய்ச் சட்டிகளோடு உருண்டாள்.

"அண்ணா, தொடாண்டாம்! வர்மத்துல பட்டிருக்கு. நான் இளக்கி விடுதேன்."

"கல்ல எடுத்து மண்டையில போட்டுட்டு வர்மமா? மண்டை பொளந்து கெடக்கது எனக்குத் தெரியாதா?"

"கல்லு இல்ல அண்ணா, சொல்லுகதக் கேளும்..."

அவன் கேட்கவில்லை. தம்பியைத் தோளில் அள்ளினான். போகிற போக்கில் கீழே கிடந்த கத்தியையும் எடுத்துக்கொண்டான்.

"எந் தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்தக் கத்தி உனக்குத்தான்."

கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டான். ஜீப் உறுமிக்கொண்டு போனது.

பின்வாசல் திறந்துதான் கிடந்தது. ரோஸ்லெட் சுக்குத் துண்டு ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு ஓடி வந்து லூனாவைக் கிளப்பினாள்.

மேற்கே போனால் ஆஸ்பத்திரி. கிழக்கே போனால் வர்மம் பார்க்கிற வேலப்பன் ஆசான் வீடு. ஜீப்பின் புழுதி கிழக்கே எழும்பியது.

ரோஸ்லெட் லூனாவைக் கிழக்கே திருப்பினாள். ஆஸ்பத்திரிக்காவது வர்மம் தெரியாது, அடிபட்ட வர்மத்தை யாரும் தொட மாட்டார்கள். வேலப்பன் ஆசானுக்குத் தெரியும். நெற்றிக் காயத்தைப் பார்ப்பார். நெற்றி வர்மத்தில் பட்டிருக்கிறது என்று நினைப்பார். அதற்கு உச்சந்தலையில் தட்டித்தான் இளக்குவது. விலாவில் மூச்சு அடைத்துக் கிடப்பவனுக்கு உச்சியில் ஒரு தட்டு விழுந்தால், மிச்சம் இருக்கிற மூச்சும் அடைத்துக்கொள்ளும்.

ஆற்றூர் முக்கில் சர்ச் விட்டிருந்தது. ரோடு முழுக்கக் குடையும் பைபிளும்.

"வைத்தியச்சீ, என்ன பறத்தம்? பிரசவமா?" என்றான் ஒருத்தன்.

"வழி விடலேன்னா எழவு!"

கூட்டம் பிளந்தது.

சும்மா விட்டால் என்ன? அந்த நினைப்பும் வந்தது. வராமல் இருக்குமா? இன்னும் முக்கால் மணி நேரம் எங்கேயாவது நிழலில் லூனாவை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் போதும். லில்லிபாய்க்கு இனி ஒரு எலும்பும் ஒடியாது. வேலப்பன் ஆசான் கையில் செத்தான் என்றுதான் பேச்சு வரும்.

ரோஸ்லெட் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினாள். நாளைக்கு ஒரு பிள்ளை கை சுளுக்கி வந்து நிற்கும். அதை எந்தக் கையால் தொடுவது?

பத்து ஐம்பது. ஆசான் வீட்டு முற்றத்தில் ஜீப் நின்றது.

உள்ளே ஜாண்றோஸைப் பலகையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். தலை ஒரு பக்கம் தொங்கியது. செல்லக்கண் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டிருந்தான். வேலப்பன் ஆசான் இடது கையால் உச்சந்தலையை அளந்து, வலது கையை ஓங்கிவிட்டிருந்தார்.

"ஆசானே, தட்டாண்டாம்! அங்க இல்ல!"

கை அந்தரத்தில் நின்றது. ஆசான் திரும்பிப் பார்த்தார்.

"யாரு, ரோஸ்லெட்டா? ஆறு வருஷம் ஆச்சு. வழி மறந்துட்டுன்னுல்லா நெனச்சேன்."

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒருத்தனுக்குப் போட்ட எலும்புக் கட்டை அவள் அவிழ்த்து மாற்றிக் கட்டினாள். அன்றோடு பேச்சு நின்றுபோனது.

செல்லக்கண் தம்பியை ஆசான் மேல் சாய்த்துவிட்டுப் பாய்ந்து அவள் முடியைப் பிடித்தான். "கொன்னு முடிக்கத் தொரத்திக்கிட்டு வந்திருக்கா ஆசானே!"

"முடிய விடுலே. என் வீட்டுல வச்சு ஒரு பொம்பள மேல கை வைக்கப்பிடாது" என்றார் ஆசான். பிறகு அவளிடம், "நெத்தியில பட்டிருக்கு. எனக்குக் கண்ணு தெரியும். இதையும் அவுத்துக் கெட்ட வந்தியா?"

"நெத்தி, விழுந்தப்ப கல்லுல இடிச்சது. அடி வேற எடம். ஒரு நூல் எடுத்து மூக்குல பிடியும் ஆசானே. எடது மூக்குல காத்து வராது."

"எனக்கே பாடமா?"

"சண்ட பொறவு போடலாம். நேரம் போவுது!"

ஆசான் முறைத்தார். ஆனாலும் விளக்குத் திரியிலிருந்து ஒரு இழையைப் பிய்த்தார். வலது மூக்கருகே பிடித்தார். இழை மெல்ல அசைந்தது. இடது மூக்கருகே பிடித்தார்.

அசையவில்லை.

ஓங்கிய கையை ஆசான் மெதுவாக மடியில் இறக்கினார்.

"எங்க?" என்றார். குரல் மாறியிருந்தது.

ரோஸ்லெட் தன் இடது விலாவில் நான்கு விரல் வைத்துக் காட்டினாள்.

"எத்தன மாத்திரை?"

அவள் செல்லக்கண்ணைப் பார்த்தாள். இதுவரை அவன் கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். வாயைத் திறந்தால் தானே ஒப்புக்கொண்ட மாதிரி. குறைத்துச் சொன்னால் இளக்குகிற கணக்குத் தப்பும்.

"முக்கால்."

"அட பாவி" என்றார் ஆசான், சன்னமாக. "எப்போ?"

"பத்து அஞ்சுக்கு."

ஆசான் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றாக மூன்று நிமிஷம். "பதினொண்ணேகால் ஆனா தாண்டிரும். வா, நீயே வந்து இளக்கு. அடிச்ச கைக்குத்தான் எடம் சரியாத் தெரியும். நான் தேடிக்கிட்டிருந்தா ஆளு போயிருவான்."

"விட மாட்டேன்!" செல்லக்கண் குறுக்கே நின்றான். கையில் தம்பியின் கத்தி. "அடிச்சது இவ. இவளே சொல்லுகா. மறுபடி இவ கையையா எந் தம்பி மேல வைக்கணும்?"

"பின்ன நீ வையி. எங்கேன்னு தெரியுமா?" என்றார் ஆசான்.

செல்லக்கண் தம்பியைப் பார்த்தான். உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

"சரி. ஆனா கத்தி இவ கழுத்துல இருக்கும்."

"இருக்கட்டும்" என்றாள் ரோஸ்லெட்.

ஆசான் முன்னால் உட்கார்ந்து ஜாண்றோஸைத் தன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ரோஸ்லெட் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சுக்கை ஆசானிடம் கொடுத்தாள். அவர் வாயில் போட்டு மென்று, ஜாண்றோஸின் இரண்டு காதிலும் ஊதிவிட்டு, இழையை மறுபடி இடது மூக்கருகே பிடித்தார். ரோஸ்லெட் முதுகுப் பக்கம் போனாள். பிடரியில் கத்தியின் குளிர்ச்சி தொட்டது. வலது தோள்பட்டைக்குக் கீழே விரலால் அளந்தாள். உள்ளங்கையைக் குழித்துத் தட்டினாள்.

ஒன்றும் இல்லை.

மறுபடி தட்டினாள். இழை அசையவில்லை.

"பதினொண்ணு அடிச்சாச்சு" என்றான் செல்லக்கண். கத்தி தோலில் உறைத்தது.

ஆசான் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பயந்து பயந்து தட்டுகே பிள்ளே. கால் மாத்திரைதான் விழுது. முக்கால்ல பூட்டினது, முக்கால்லதான் தொறக்கும்."

அவளுக்கும் தெரியும். கழுத்தில் கத்தி இல்லாவிட்டால் அப்போதே அடித்திருப்பாள். மூச்சு நின்று கிடக்கிறவன் முதுகில் அவ்வளவு வேகமாக ஒரு குத்து. பின்னால் நிற்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

"அண்ணா" என்றாள். "இப்போ நான் ஒண்ணு அடிப்பேன். பாக்க நல்லாயிருக்காது. பல்லக் கடிச்சுக்கிட்டு மூணு எண்ணும். மூணுக்குள்ள இவன் மூச்சு விடலேன்னா, நீரு கத்திய இறக்கும். நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

செல்லக்கண் கத்தியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். அவன் மூச்சு அவள் காதருகே வேகமாகக் கேட்டது.

ரோஸ்லெட் கண்ணை மூடினாள். காலையில் சுவரோடு சேர்ந்து நின்றபோது கையில் என்ன வேகம் இருந்ததோ, அதை நினைத்துக்கொண்டாள். முட்டியை மடக்கினாள்.

அடித்தாள்.

ஜாண்றோஸின் உடம்பு முழுக்கத் துள்ளி முன்னால் விழுந்தது. ஆசான் தாங்கிக்கொண்டார்.

"ஒண்ணு" என்றான் செல்லக்கண்.

இழை அசையவில்லை.

"ரெண்டு."

ஆசான் மறுபடி காதில் ஊதினார். வெளியே எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

மூன்றாவது எண்ணிக்கை வரவேயில்லை. ரோஸ்லெட் காத்திருந்தாள். செல்லக்கண்ணால் அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் தம்பி செத்தது உறுதியாகிவிடும் என்பது போல நின்றான்.

கர்ர்ரென்று ஒரு சத்தம். கிணற்று அடியிலிருந்து வருகிற மாதிரி. பிறகு இருமல். திரி இழை ஆசானின் விரலிலிருந்து பறந்தே போனது.

"லே ஜாணு! லே மக்கா!" கத்தி பொத்தென்று விழுந்தது. செல்லக்கண் தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

ரோஸ்லெட் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். பிடரியைத் தடவினாள். விரலில் ஒரு பொட்டு ரத்தம்.

ஜாண்றோஸின் கண் மெதுவாகத் திறந்தது. கூரையைப் பார்த்தது. ஆசானைப் பார்த்தது. அவளிடம் வந்து நின்றது.

"லில்லிபாய்... எங்க?"

அதைக் கேட்டதும் ஆசான் ரோஸ்லெட்டைத் திரும்பிப் பார்த்தார். செல்லக்கண்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜாண்றோஸ் எழுந்திருக்கப் பார்த்தான். வலது கை உடம்போடு வரவில்லை. ஈரத் துணி மாதிரி தொங்கியது.

"ஆசானே, இவன் கை தூக்க மாட்டேங்குதே?" என்று பதறினான் செல்லக்கண்.

இளக்கின பிறகு தோளிலிருந்து விரல் வரை மூன்று தடவை உருவி விட வேண்டும். உருவினால்தான் கை எழும்பும், அதுதான் முறை. வர்மம் படித்த எல்லாருக்கும் தெரியும். ரோஸ்லெட் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆசான் அவள் கைகளைப் பார்த்தார். தரையில் கிடந்த கத்தியைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அது அப்படித்தாம்டே இருக்கும். முக்கால் மாத்திரை சும்மாவா? நாப்பத்தொரு நாளு எண்ணெ இடணும். இங்கயே கெடக்கணும், வீட்டுக்குப் போவப்பிடாது. கோழி கூடாது, மீன் கூடாது, கள்ளு கூடாது, பெண்டாட்டி பேச்சும் கூடாது."

"பெண்டாட்டி பேச்சுமா?"

"ரத்தம் கொதிச்சா மறுபடி அடைச்சுக்கிடும். அப்புறம் இவளும் வரமாட்டா, நானும் பாக்க மாட்டேன்."

"கேட்டியாலே?" செல்லக்கண் தம்பியின் தோளை உலுக்கினான். "அவ பேர எடுத்தேன்னா நானே உன் வாயில அடிப்பேன். சும்மா கெட!"

ஜாண்றோஸ் வாயை மூடிக்கொண்டான். கண்ணில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

ரோஸ்லெட் முற்றத்துக்கு வந்தாள். லூனாவின் பெடலை மிதித்தாள். வண்டி கிளம்பவில்லை. மறுபடி மிதித்தாள். வழுக்கியது.

பின்னாலேயே வந்த ஆசான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு கையும் இந்த ஆட்டம் ஆடுது. இதுல வண்டி ஓட்டுகாளாம். உள்ள கஞ்சி இருக்கு, குடிச்சுட்டுப் போ." குரலைத் தாழ்த்தினார். "நாப்பத்தொண்ணு போதுமா அந்தப் பிள்ளைக்கு?"

"போதும் ஆசானே. இவன் அவ கிட்ட போவப்பிடாதுன்னு அடுத்த மாசம் கோர்ட்டுல உத்தரவு வந்திரும்."

"போதலேன்னா சொல்லு. தொண்ணூறாக்கிருவோம்."

ரோஸ்லெட் வண்டியை ஸ்டாண்டு போட்டாள். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுவிரல் முட்டி நன்றாக வீங்கியிருந்தது.

"எண்ணெ இருக்கா ஆசானே?" என்றாள்.