பழைய பெட்டி போட்ட கையெழுத்து

நாலாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய். கூத்தாநல்லூர் அச்சகத்து முதலாளி அஹமது கபீர், சுமை தூக்கும் ஐயாவு என்பவருக்குத் தரவேண்டிய கூலிப் பாக்கி அவ்வளவு. காகிதக் கட்டுகளைச் சுமந்ததற்கும், அழைப்பிதழ்ப் பெட்டிகளைச் சைக்கிளில் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கும் ஆன கூலி. சித்திரையில் நூறும் இருநூறுமாக நிற்க ஆரம்பித்தது, ஆடியில் இந்தத் தொகைக்கு வந்து நின்றது.

கபீர் ஏமாற்றுகிற மனிதர் இல்லை. வெளியூரிலிருந்து பளபளவென்று கலர் அட்டைகள் வந்து இறங்கியதில் உள்ளூர் அச்சகத்துக்கு வேலை குறைந்துபோனது. ஐயாவுக்கு அது தெரியும். ஆனால் வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டதே! நிலக்காரர் பஞ்சநதத்தின் மகன் சிங்கப்பூரில் இருந்ததால், பார்க்க ஆளில்லாமல் ஒரு மா நிலத்தைக் குத்தகைக்கு விடுவதாகச் சொல்லியிருந்தார் பஞ்சநதம். ஆவணி பிறப்பதற்குள் முன்பணம் தந்தால் ஐயாவுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. காலம் முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று முடி தூக்கி, பிறகு அச்சகத்தில் காகிதம் தூக்கித் தேய்ந்த முதுகு அவருடையது. ஒரு போகமாவது தன் கையால், தன் பொறுப்பில் விதைத்துவிட வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஆடியில்தான் அச்சகத்துக் கம்ப்யூட்டர் படுத்தது. போட்டால் நாலைந்து நிமிஷம் எரியும், பிறகு பொட்டென்று அணைந்துவிடும். துபாயிலிருந்த கபீரின் தம்பி மகன் ஷஹ்பாஸ் பணம் அனுப்ப, தஞ்சாவூரிலிருந்து புதுப் பெட்டி வந்து இறங்கியது.

"ஐயாவு, பழசை நீ எடுத்துக்க. ரெண்டாயிரம்னு வச்சுப் பாக்கியில கழிச்சுக்குவோம். மீதியக் கல்யாணக் கார்டுக் காசு வந்ததும் தர்றேன்" என்றார் கபீர்.

மாட்டேன் என்றுதான் ஐயாவு சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெட்டியின்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். அறிவொளி வகுப்பில், தலை நரைக்கத் தொடங்கிய பிறகு எழுத்துக் கூட்டப் பழகியவர் அவர். ஒரு 'ஞ' போடுவதற்குள் விரல் நோகும். கபீரின் மருமகள் தஹ்மீனா பொத்தானைத் தொட்டதும் எழுத்தெல்லாம் வரிசையில் வந்து நிற்கிறதே, அதெல்லாம் எங்கே குடியிருக்கிறது? சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவி அம்சம் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"கூலிக்கு நெல்லு அளந்தவங்களப் பாத்திருக்கேன், உளுந்து அளந்தவங்களப் பாத்திருக்கேன். பொட்டி அளந்தவர இப்பத்தான் பாக்குறேன். இத அவிச்சா சோறாவுமா, வறுத்தாப் பொரியாவுமா?"

"வித்தாக் காசு வரும்டி."

"வாங்குறவன் வருவான். ஆவணி அதுக்குள்ள வந்துடும்."

அவள் அரிசி மண்டிக்குப் புடைக்கப் போனபிறகு, ஐயாவு திருப்புளி கொண்டு பெட்டியைத் திறந்தார். உள்ளே எழுத்து ஒன்றுகூட இல்லை. பச்சைப் பலகை ஒன்று கிடந்தது. அதில் ஆறு, ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால் என்று கோடுகள் பிரிந்து பிரிந்து ஓடின. விரலை வைத்து ஒரு வாய்க்காலைத் தொடர்ந்து போனார், அது ஒரு கறுப்புச் சில்லின் அடியில் போய் மறைந்துவிட்டது. பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு விசிறி, தூசி அப்பி இறுகிக் கிடந்தது. அது ஏன் சுற்றவில்லை என்று பார்க்கக் கழற்றினார். கழற்றியதில் ஒரு இறக்கை ஒடிந்து கையோடு வந்துவிட்டது. விசிறியை மாடத்தில் வைத்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

மூன்றாம் நாள் வாசலில் கபீரின் மொபெட் வந்து நின்றது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"பொட்டிய வித்துட்டியா ஐயாவு?"

"இல்லீங்க முதலாளி."

"அல்லாஹ் காப்பாத்துனான். எடு, எடு. சைக்கிள்ல வை."

அச்சகத்தில் தஹ்மீனா புதுப் பெட்டியின் முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பெரிய தெரு லத்தீஃபா வீட்டுக் கல்யாணத்துக்கு எண்ணூறு அழைப்பிதழ், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை விமானம் ஏறப்போகிறார். தமிழ் எழுத்து அடிக்கிற மென்பொருளோ புதுப் பெட்டியில் திறக்கவே மாட்டேன் என்கிறது.

"மெட்ராஸ்ல கம்பெனிக்குப் போன் போட்டேண்ணே. நாம வாங்குனது ஒரு பொட்டிக்குத்தான் உரிமமாம். அது பழைய பொட்டி பேருல இருக்கு. பழசத் தொறந்து 'விட்டுக்கொடுக்குறேன்'னு ஒரு எடத்துல அமுக்கணும். அது ஒரு நம்பர் காட்டும். அந்த நம்பரச் சொன்னா, புதுசுக்கு வேற நம்பர் தருவாங்க."

"புதுசா வாங்குனா என்ன விலைம்மா?"

"பதினெட்டாயிரம்" என்றார் கபீர். "அதுக்கு நான் மிஷினத்தான் விக்கணும்."

ஐயாவுக்கு வேறொன்று குடைந்தது. "ரெண்டு பொட்டியிலயும் இருந்துட்டுப் போவட்டுமே?"

"கூடாதாம்ணே. ஒண்ணு விட்டாத்தான் ஒண்ணுக்கு."

"அப்ப இதுக்குள்ளதான் இருக்குங்கிற. நான் தொறந்து பாத்தேனே, ஒண்ணையும் காணலயே!"

தஹ்மீனா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே பழைய பெட்டியைப் போட்டாள். திரை வெளுத்தது, எழுத்து வரிசை தெரிந்தது. மென்பொருள் திறந்துகொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது. முன்பு நின்ற நேரம்கூட நிற்கவில்லை. பெட்டியைத் தொட்டவள் கையை உதறினாள்.

"அடுப்பு மாதிரி கொதிக்குது. உள்ள ஃபேன் இருக்குமேண்ணே?"

"மாடத்துல இருக்கு. றெக்கை ஒடிஞ்சுபோச்சு."

கபீர் தலையில் கைவைத்துக்கொண்டார். உச்சியில் சுற்றிய மின்விசிறியின் காற்று சுவர்க் காலண்டரைத்தான் ஆட்டியது.

அப்போதுதான் அம்சம் மண்டியிலிருந்து வந்தாள். கக்கத்தில் முறம், தலையெல்லாம் தவிட்டுத் தூசி. கபீர் மொபெட்டில் வந்து பெட்டியை அள்ளிப்போன சேதி தெருவிலேயே கிடைத்திருந்தது.

"எங்க பொட்டிய எதுக்கு எடுத்தாந்தீங்க முதலாளி?"

தஹ்மீனா விவரத்தைச் சொன்னாள். அம்சம் கேட்டுவிட்டு முறத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"புரியுது. குத்தகைக்காரன் நெலத்த விட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்தவன் ஏர் பூட்ட முடியும். எங்க பெரியப்பா மூணு மா விட்டாரு. சும்மாவா விட்டாரு? ஒரு மா அளந்து குடுத்துத்தான் கையெழுத்து வாங்குனாங்க. வெறுங்கையோட அனுப்புற வழக்கம் இந்தச் சீமையில உண்டா?"

"ஏய், பேசாம இரு" என்றார் ஐயாவு.

"நீங்க பேசாம இருந்துதான் பொட்டி வீட்டுக்கு வந்துச்சு. பஞ்சநதத்துக்குப் பொட்டியவா முன்பணமாக் குடுப்பீங்க?"

ஐயாவு தரையைப் பார்த்தார். கபீருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்சம், நீ மன்னார்குடி கோர்ட்டுல இருக்க வேண்டியவ. சரி. ரெண்டாயிரத்தக் கழிக்கல. வெள்ளிக்கிழமை கார்டுக் காசு வந்ததும் முழுப் பாக்கியும் உன் கையில. பொட்டியும் உங்களுக்கே. போதுமா?"

"எனக்கு எதுக்குங்க கையில? அவருகிட்டயே குடுங்க. அவரு தேஞ்ச முதுகுக்குத்தான் நெலம்." சொல்லிவிட்டு முறத்தை எடுத்தாள். "மூடியக் கழட்டுங்க. காத்துதானே வேணும்?"

ஐயாவு மூடியைக் கழற்றினார். அம்சம் கால் பரப்பி நின்று, பதர் தூற்றுகிற வாகில் முறத்தை வீச ஆரம்பித்தாள். முதல் வீச்சில் தவிடு பறந்து கபீரின் தாடியில் அப்பியது.

"அடியே, மொறத்தத் தட்டிட்டு வீசு!"

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

தஹ்மீனா பெட்டியைப் போட்டாள். கபீர் சென்னைக்குப் போன் போட்டு, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டார். திரை வெளுத்தது. எழுத்து வரிசை வந்தது. மென்பொருள் மெல்ல, சோம்பல் முறித்துக்கொண்டு திறந்தது. அம்சத்தின் கை தளர்ந்தபோது ஐயாவு முறத்தை வாங்கிக்கொண்டார். வீசிக்கொண்டே கழுத்தை நீட்டிப் பார்த்தார். பச்சைப் பலகையில் எதுவும் அசையவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஏதாவது தெரியும் என்று நினைத்திருந்தார்.

"வந்துருச்சு! அமுக்கவா மாமா?"

"பிஸ்மில்லாஹ் சொல்லி அமுக்கும்மா."

அமுக்கினாள். திரையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளச் சரம் வந்தது. தஹ்மீனா ஒவ்வொன்றாகச் சொல்ல, கபீர் போனில் திருப்பிச் சொன்னார். பாதியில் திரை ஒருமுறை நடுங்கியது. ஐயாவு இரண்டு கையாலும் வீசினார். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. கடைசி எண்ணைச் சொல்லி முடித்த கையோடு பெட்டி அணைந்தது.

மறுமுனையிலிருந்து வந்த நம்பரைப் புதுப் பெட்டியில் தட்டினாள் தஹ்மீனா. பிறகு மணமக்கள் பெயர் போடுகிற பக்கம் பளிச்சென்று திறந்தது. கபீர் ரிசீவரை வைத்துவிட்டு டீக்கடைப் பக்கம் குரல் கொடுத்தார்.

ஐயாவு மட்டும் பழைய பெட்டியை விட்டு நகரவில்லை. "சூடு ஆறுனதும் இத இன்னொரு தரம் போடேம்மா."

"எதுக்குண்ணே?"

"விட்டுட்டோம்னு அதுக்குத் தெரியுதான்னு பாக்கணும்."

டீ குடித்தபின் போட்டாள். பெட்டி எரிந்தது. மென்பொருளைத் திறக்கப் போனபோது நடுத்திரையில் ஒரு வரி வந்து நின்றது. தமிழில்தான் இருந்தது. ஐயாவு எழுத்துக் கூட்டிப் படித்தார்: "இந்தக் கணினிக்கு உரிமம் இல்லை."

"தெரிஞ்சிருக்கு" என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல். உள்ளிருந்து ஒன்றும் வெளியே வரவில்லை, யாரும் எதையும் தூக்கிப்போகவில்லை. ஆனாலும் இருந்தது போய்விட்டது. எப்படி? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

"எங்க பெரியப்பாவுக்கும் அப்படித்தான்" என்றாள் அம்சம். "கையெழுத்துப் போட்ட மறுநாள் அதே வரப்புலதான் நின்னாரு. எறங்கல."

எண்ணூறு அழைப்பிதழும் வெள்ளிக்கிழமை காலையில் லத்தீஃபா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. கட்டிக்கொண்டு போனவர் ஐயாவுதான். ஜும்மா தொழுதுவிட்டு வந்த கபீர், லத்தீஃபா வீட்டார் கொடுத்த உறையைப் பிரித்து எண்ணி வைத்தார். நாலாயிரத்து எழுநூறு. அதன் மேல் இரண்டு பத்து ரூபாய்த் தாள்.

"எண்ணிக்க ஐயாவு."

"நீங்க எண்ணுனாப் போதும் முதலாளி."

"எண்ணு. இனி உனக்கும் எனக்கும் பாக்கின்னு ஒண்ணு இருக்கக் கூடாது."

ஐயாவு எச்சில் தொட்டு எண்ணினார். சரியாக இருந்தது. மடியில் வைத்து முடிந்துகொண்டு, வீட்டுக்குக்கூடத் திரும்பாமல், பஞ்சநதம் வீட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார்.